கை மாறும் துப்பாக்கி: படப்பிடிப்புத் தளத்தில் பாதுகாப்பும் தனிமனிதப் பொறுப்பும்

1. ஆய்வின் எல்லை

வத்தலக்குண்டு வழியாகத் தேனி மாவட்டத்துக்குள் வரும் படப்பிடிப்புக் குழுவுக்கு எதிர்ப்படும் முதல் ஊர்களில் ஒன்று தேவதானப்பட்டி. பின்னால் கொடைக்கானல் மலை, அதன் அடிவாரத்தில் 57 அடி உயர மஞ்சளாறு அணை, மாந்தோப்புகள், மலைக்குப் பிரியும் காட்ரோடு. கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் சட்டகம் நிறைந்துவிடும். பாரதிராஜாவின் அல்லிநகரமும், ‘மைனா’ படமாக்கப்பட்ட குரங்கணியும் இதே மாவட்டம்தான் என்பதால் படப்பிடிப்பு இங்கே யாருக்கும் அதிசயமில்லை. துப்பாக்கியும் அதிசயமில்லை. காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் வெடியும், உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியும் மலையடிவாரக் காவல் நிலையங்கள் பழகிய வழக்குகள்.

இவ்விரண்டும் ஒரே இடத்தில் சேரும்போது, அதாவது நடிப்புக்காக ஒரு துப்பாக்கி தளத்துக்கு வரும்போது, யார் எதற்குப் பொறுப்பு என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தமிழ்த் திரையுலகையும் துப்பாக்கியையும் சேர்த்துச் சொன்னால் எவருக்கும் நினைவு வருவது 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்டது. அது இந்த ஆய்வில் சேராது. அங்கே நடந்தது குற்றம். நீதிமன்றம் நோக்கத்தை விசாரித்துத் தண்டித்தது. இங்கே எடுத்துக்கொள்வது எவருக்கும் கொல்லும் எண்ணம் இல்லாத சாவுகளை. இவற்றில் பொறுப்பை நிறுவுவதுதான் கடினம்.

2. டம்மி, பிளாங்க், உயிருள்ள தோட்டா

தளத்தில் புழங்கும் துப்பாக்கிகளை மூன்றாகப் பிரிக்கலாம். மரம், ரப்பர், பைபரில் செய்த டம்மி, சத்தமும் புகையும் மட்டும் தருகிற, பிளாங்க் சுடும் துப்பாக்கி, நிஜத் துப்பாக்கி. தோட்டாவும் அப்படியே. டம்மித் தோட்டாவில் ஈயக்குண்டு இருக்கும், மருந்து இருக்காது. நெருக்கக் காட்சியில் ரிவால்வரின் உருளைக்குள் தெரிவதற்காக அதைப் போடுவார்கள். பிளாங்கில் மருந்து இருக்கும், குண்டு இருக்காது. வாயை மடித்தோ தக்கை வைத்தோ அடைத்திருப்பார்கள். உயிருள்ள தோட்டாவில் இரண்டும் உண்டு. அதற்குத் தளத்தில் எந்த வேலையும் கிடையாது.

டம்மித் தோட்டாவையும் நிஜத் தோட்டாவையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தெரியக்கூடாது என்றுதானே டம்மி செய்கிறார்கள்? அதனால் இரண்டு அடையாளங்கள் வைப்பது வழக்கம். சிலவற்றின் பக்கவாட்டில் துளை போட்டிருக்கும். சிலவற்றுக்குள் சிறு உலோக மணி இருக்கும். காதருகே வைத்துக் குலுக்கினால் கிலுகிலுக்கும். ஒவ்வொரு தோட்டாவையும் எடுத்துக் குலுக்க ஆகும் நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை. பின்னால் வரும் சாவுகளில் ஒன்று இந்த ஒரு நிமிடத்தைப் பற்றியது.

பிளாங்க் தீங்கற்றது என்ற நம்பிக்கை தவறு. மருந்து எரிந்து வெளியேறும் வாயுவின் வேகம், குழல்வாய்க்கு அருகில், குண்டின் வேலையைச் செய்துவிடும்.

3. மூன்று சாவுகள், மூன்று பிழைகள்

1984 அக்டோபரில் அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகர் ஜான்-எரிக் ஹெக்ஸம், காட்சிகளுக்கு நடுவே இருந்த சும்மா நேரத்தில், பிளாங்க் போட்ட துப்பாக்கியை விளையாட்டாகத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து விசையை இழுத்தார். குண்டு இல்லை. ஆனால் வெடித்த வேகத்தில் மண்டையோட்டின் எலும்புத்துண்டு மூளைக்குள் போனது. சில நாட்களில் இறந்தார். இங்கே பிழை ஒருவருடையது. ஆனாலும் காட்சி முடிந்ததும் துப்பாக்கியை அவர் கையிலிருந்து வாங்கி வைக்க வேண்டியவர் எங்கே போனார் என்ற கேள்வி எஞ்சுகிறது.

1993 மார்ச் 31 அன்று வட கரோலினாவில் ‘தி க்ரோ’ படத்தளத்தில் புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீ இறந்தது வேறு வகை. முன்பு எடுத்த ஒரு காட்சிக்காக, நிஜத் தோட்டாக்களின் மருந்தைக் கொட்டி டம்மி செய்திருந்தார்கள். ஒன்றில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் அப்படியே இருந்தது. விசை தட்டியதும் அந்தச் சிறு பொறி குண்டைக் குழலுக்குள் தள்ளிவிட்டது. குண்டு அங்கேயே சிக்கிக்கொண்டது. பிறகு அதே துப்பாக்கியில் பிளாங்க் போட்டுச் சுட்டபோது, பிளாங்கின் மருந்து சிக்கியிருந்த குண்டை வெளியே தள்ளியது. ஒருவர் செய்த பாதி வேலையும் இன்னொருவர் செய்யாத சோதனையும், வேறு வேறு நாட்களில், ஒரே குழலுக்குள் சந்தித்துக்கொண்டன. குழலை விளக்கு வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

மூன்றாவது அண்மைக்காலத்தது. 2021 அக்டோபர் 21, நியூ மெக்சிகோ, ‘ரஸ்ட்’ படத்தளம். தேவாலய செட்டில் ஒத்திகை. நடிகர் அலெக் பால்ட்வின் கையிலிருந்த ரிவால்வர் வெடித்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். இயக்குநர் ஜோயல் சூசா காயமடைந்தார். துப்பாக்கியில் அபாயம் இல்லை என்று குரல் கொடுத்து அதை உள்ளே அனுப்பியவர் உதவி இயக்குநர். ஆயுதப் பொறுப்பாளர் அப்போது செட்டுக்குள் இல்லை. டம்மிகளுக்கு நடுவே உயிருள்ள தோட்டா கலந்திருந்தது. ஒவ்வொரு தோட்டாவையும் யாரும் முறையாகக் குலுக்கிப் பார்க்கவில்லை. பாதுகாப்பு உள்ளிட்ட குறைகளைச் சொல்லிக் கேமராப் பிரிவில் பலர் அன்று காலையில்தான் வேலையை விட்டுப் போயிருந்தார்கள்.

சட்டம் இந்தப் பொறுப்பை எப்படிப் பங்கிட்டது என்பது இன்னும் கவனிக்கத்தக்கது. ஆயுதப் பொறுப்பாளருக்கு 2024 ஏப்ரலில் 18 மாதச் சிறை. உதவி இயக்குநர் வழக்கை எதிர்க்காமல் ஆறு மாத நன்னடத்தைக் காலத்தோடு தப்பினார். பால்ட்வின் மீதான வழக்கு 2024 ஜூலை 12 அன்று தள்ளுபடியானது. தோட்டா தொடர்பான ஆதாரத்தை அரசுத் தரப்பு எதிர்த்தரப்புக்குக் காட்டவில்லை என்பதே காரணம். ஆக, துப்பாக்கியைக் கையில் வாங்கும் நடிகர் அதைத் தானே சோதிக்கக் கடமைப்பட்டவரா என்ற கேள்விக்கு அந்த வழக்கு விடை தராமலே முடிந்தது. நடிகர் ஆயுத நிபுணராக இருக்கத் தேவையில்லை என்பது அங்குள்ள நடிகர் சங்கத்தின் நிலை. நிபுணராக இருக்க வேண்டாம். “திறந்து காட்டுங்கள்” என்று கேட்க நிபுணத்துவம் எதற்கு?

தேவதானப்பட்டி மூங்கிலணை காமாட்சியம்மன் கோயிலில் கருவறைக் கதவு திறப்பதில்லை. மூடிய கதவுக்குத்தான் பூசை. பக்திக்கு அது சரி. துப்பாக்கியின் உருளைக்கு அந்த நம்பிக்கை ஆகாது.

4. தமிழ்த் தளங்கள்: கயிறு, கிரேன், கார்

தமிழ்ப் படங்களில் அண்மையில் உயிர் பறித்தவை துப்பாக்கிகள் அல்ல. 2020 பிப்ரவரி 19 இரவு, சென்னைக்கு வெளியே ஈ.வி.பி. பிலிம் சிட்டியில் ‘இந்தியன் 2’ தளத்தில் விளக்குகள் கட்டிய கிரேன் சாய்ந்து மூவர் இறந்தனர். 2022 டிசம்பரில் ‘விடுதலை’ படப்பிடிப்பில் கயிறு அறுந்து சண்டைக் கலைஞர் ஒருவர். 2024 ஜூலையில் ‘சர்தார் 2’ தளத்தில் சுமார் 20 அடி உயரத்திலிருந்து விழுந்து இன்னொருவர். 2025 ஜூலை 13 அன்று நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் ‘வேட்டுவம்’ படத்துக்காகக் காரைப் பாயவிட்ட எஸ்.எம்.ராஜு.

துப்பாக்கி ஆய்வில் இவற்றுக்கு என்ன இடம்? கயிறும் கிரேனும் காரும், துப்பாக்கியைப் போலவே, ஒருவர் கட்டி, ஒருவர் சரி சொல்லி, மூன்றாமவர் உயிரை ஒப்படைக்கும் பொருட்கள். துப்பாக்கியில் குழல் நீளும் திசையாவது கண்ணுக்குத் தெரியும். இவற்றில் அதுவும் தெரியாது.

‘இந்தியன் 2’ விபத்துக்குப் பின் நடந்த கடிதப் போக்குவரத்து, பொறுப்பைப் பற்றி நம் திரையுலகம் எழுத்தில் பேசிய அபூர்வ தருணம். கமல்ஹாசன் தயாரிப்பு நிறுவனமான லைகாவுக்கு எழுதினார்: பாதுகாப்பையும் காப்பீட்டையும் நிறுவனம் உறுதிசெய்ய வேண்டும். லைகா பதில் எழுதியது: படப்பிடிப்பு முழுக்க உங்கள் மேற்பார்வையிலும் இயக்குநர் மேற்பார்வையிலும்தான் நடந்தது, பொறுப்பு எல்லோருக்கும் உண்டு. இரண்டும் நியாயமான வாதங்களே. ஆனால் எல்லோருக்கும் உண்டு என்று சொல்லப்பட்ட பொறுப்பு, நடைமுறையில் யாரிடமும் தங்குவதில்லை. அதை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது சாவுக்குப் பிறகுதான் என்பதே அந்த ஏற்பாட்டின் குறை.

5. சட்டம் சொல்வது

படத்துக்காக என்று சொல்லி 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலிருந்து தப்ப முடியாது. நிஜத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். பொம்மைத் துப்பாக்கியைச் சுடக்கூடியதாக மாற்றுவதற்கும் அச்சட்டத்தின் 6-ஆம் பிரிவு உரிமம் கேட்கிறது. பட்டறையில் “சத்தம் மட்டும் வர்ற மாதிரி” என்று துப்பாக்கி செய்யச் சொல்லும் கலை உதவியாளர்கள் இதை ஒரு தடவை படிப்பது நல்லது. அலட்சியத்தால் மரணம் விளைந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. பழைய 304ஏ பிரிவில் அது இரண்டாண்டாக இருந்தது. ‘வேட்டுவம்’ விபத்தில் இயக்குநர் பா.ரஞ்சித் உட்பட நால்வர் மீது வழக்குப் பதிவானது. வழக்கு ஒரு தொடக்கம் மட்டுமே, குற்றம் நிரூபணமானதாகாது. ஆனாலும் ஸ்டண்ட் மாஸ்டரோடு நின்றுவிடாமல் விசாரணை மேலே போகும் என்பது தெரிந்தது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் ஒலி-ஒளித் துறைத் தொழிலாளர் என்ற வரையறைக்குள் சண்டைக் கலைஞரையும் சேர்க்கிறது.

6. நிறுத்தச் சொல்லும் உரிமை

பொறுப்பு என்பதை வெறும் நல்லெண்ணமாகப் பேசிப் பயனில்லை. தளத்தில் அது ஓர் அதிகாரம்: டேக்கை நிறுத்தும் அதிகாரம். நம் தளங்களில் அது இயக்குநரிடம் இருக்கிறது. சில படங்களில் நாயகனிடம் இருக்கிறது. துப்பாக்கியை எடுத்துக்கொடுக்கும் கலை உதவியாளரிடம் இல்லை. அவருக்கு அன்றைய சம்பளம், பேட்டா, அடுத்த படத்துக்கான அழைப்பு எல்லாமே மேலே இருப்பவரின் முகத்தைப் பொறுத்தது. வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும் மாலையில், நாயகன் மேக்கப்போடு காத்திருக்கும்போது, “சார், ஒரு நிமிஷம், இன்னொரு தடவை பாத்துடறேன்” என்று சொல்ல அவருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பார்க்காமல் கொடுத்தால் குற்றவாளி, பார்க்கிறேன் என்றால் தொல்லை.

நம் திரையுலகில் விட்டுக்கொடுக்காத ஒரு கட்டாயம் ஏற்கெனவே இருக்கிறது. பூசை போடாமல் எந்தக் குழுவும் தொடங்காது, பூசணிக்காய் உடைக்காமல் முடிக்காது. நேரமாகிறது, பூசணிக்காயை அப்புறம் உடைக்கலாம் என்று எந்தத் தயாரிப்பாளரும் சொன்னதில்லை; எவ்வளவு பெரிய நடிகரும் கற்பூரம் அணையும்வரை நிற்கிறார். ஒழுங்கு நமக்கு வராது என்பதற்கு இது நல்ல மறுப்பு. துப்பாக்கி கை மாறும் ஒவ்வொரு முறையும் உருளையைத் திறந்து, கொடுப்பவரும் வாங்குபவரும் சேர்ந்து பார்ப்பதை இந்த வரிசையில் சேர்ப்பதில் செலவே இல்லை. எதிரே நிற்கும் ஒளிப்பதிவாளரும் பார்க்கக் கேட்கலாம். காட்சி முடிந்ததும் அதே கைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதைத் தொடங்கக்கூடியவர் நாயகன். அவர் கேட்டால் தொல்லை என்று யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நடிகரின் தனிப்பட்ட பொறுப்பு, என் கணிப்பில், இங்கேதான் இருக்கிறது: சோதனையைத் தானே செய்வதைவிட, சோதிப்பவருக்குத் தன் மதிப்பால் இடம் உண்டாக்கித் தருவதில்.

7. வெளிப்புறப் படப்பிடிப்பு

ஸ்டுடியோவுக்குச் சொன்னதெல்லாம் மஞ்சளாறு அணைக்கரைக்கும் பொருந்தும், கூடுதலாகச் சில உண்டு. வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேரும். அதில் பிள்ளைகள் முன்வரிசையில் நிற்பார்கள். சுடும் திசையில் தோப்புக்குள் யார் மாடு மேய்க்கிறார்கள் என்பது குழுவுக்குத் தெரியாது, ஊர்க்காரருக்குத் தெரியும். பெரிய காயம் என்றால் முதலில் பெரியகுளம் அரசு மருத்துவமனை, அங்கேயும் முடியாவிட்டால் தேனியைத் தாண்டி க.விலக்கில் இருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அடிவயிற்றில் குண்டு பாய்ந்தவருக்கு அது நெடுந்தூரம்.

அணைப் பகுதிக்கு நீர்வளத் துறை, மலையடிவாரத்துக்கு வனத் துறை, கூட்டத்துக்குக் காவல் துறை என்று குழு பல வாசல்களில் மனு கொடுக்கிறது. காவல் நிலையத்துக்குப் போகும் மனுவில் இரண்டு விவரம் கட்டாயமாக்கப்பட வேண்டும்: தளத்துக்கு வரும் ஒவ்வொரு துப்பாக்கியும் டம்மியா, பிளாங்கா, நிஜமா; அதற்குப் பொறுப்பான ஒரே நபரின் பெயரும் கையெழுத்தும். தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் அந்த இடத்தில் செல்லக்கூடாது. நிறுவனம் துப்பாக்கியைத் திறந்து பார்க்காது.