போன வாசலில் வந்து நின்றவர்கள்

புது நாட்டுக்கு வருகிற குடும்பத்துக்கு முதல் நாளில் எது தேவை? 'கையிலே காகிதம் இருந்தால் போதும்' என்கிறார் எதிரணி நண்பர். ஐயா, காகிதத்தோடு வந்த ஒரு கூட்டத்தைக் காட்டட்டுமா?

1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளி மக்களை, அண்ணன் தம்பி நிலம் பிரிக்கிற மாதிரி பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர். இலங்கைக்கு 3,00,000 பேர். மீதி 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கலாம் என்று விட்டுவிட்டார்கள்!

தேயிலை மலையிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றி வந்த ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. அப்புறம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம்.

வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைக்குப் போன தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைத்ததும் அதே மண்டபத்தில்தான். தாத்தா போன வாசலில் பேரன் வந்து நின்றான். குளிரிலே பிறந்த பிள்ளைக்கு இங்கே மணலும் வெயிலும். கையிலே குடும்ப அட்டை இருக்கிறது. போக ஒரு வீடு இல்லை.

அங்கே 'கள்ளத்தோணி' என்றார்கள். இங்கே நாம் என்ன சொன்னோம்? 'சிலோன்காரன்'! அவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் நீலகிரியில் அரசே தேயிலைத் தோட்டம் போட்டது, நல்ல காரியம். வேலை கிடைத்த பிறகும் அந்தப் பெயர் போகலையே!

காகிதம் கரை வரைக்கும் கொண்டுவந்து விடும். 'வாங்க, சாப்பிட்டீங்களா?' என்று பக்கத்து வீடுதான் கேட்கணும். அது கேட்காவிட்டால் சொந்த நாடும் அந்நிய நாடுதான் என்று கூறி அமர்கிறேன்.