"இடிக்குதே!"

போன மாதம் முதல் கடன் ஃபைல்களை ஏ.ஐ. படித்துச் சுருக்கம் தருகிறது. "இனி நமக்கு என்ன சார் வேலை?" என்றாள் என் டீமில் இருக்கும் சின்னப் பெண். வங்கிகளில் இது பழைய கேள்விங்க.

இயந்திரங்களைப் புகுத்த 1983-ல் வங்கிகளும் தொழிற்சங்கங்களும் ஒப்பந்தம் போட்டன. 1984-ல், அப்போதைய ரிசர்வ் வங்கி துணை கவர்னர் சி.ரங்கராஜன் (நம்ம ஊர்க்காரர்தான்) குழுவின் அறிக்கை வந்தது. லெட்ஜர் போஸ்டிங் மெஷின் கிளைகளுக்குள் நுழைந்தது. வேலை போய்விடும் என்ற பயமும் கூடவே நுழைந்தது. 2000-01 விருப்ப ஓய்வில் பொதுத்துறை வங்கிகளை விட்டுப் போனவர்கள் ஏறக்குறைய 1 லட்சம் பேர். பயம் முழுக்கப் பொய்யில்லை.

நான் சேர்ந்தபோது கோர் பேங்கிங் வந்துகொண்டிருந்தது. எங்கள் மேனேஜர் கையால் லெட்ஜர் எழுதி வளர்ந்தவர். திரையில் வட்டித் தொகையைப் பார்த்ததுமே "இடிக்குதே" என்பார். தேடினால், நாங்கள் வட்டி விகிதத்தைத் தப்பாக ஏற்றியிருப்போம்.

அவருக்கு அந்தக் கண்ணைக் கொடுத்தது லெட்ஜர். இந்தப் பிள்ளைகளுக்கு எது கொடுக்கும்? 2025 ஆகஸ்டில் வந்த ரிசர்வ் வங்கியின் ஏ.ஐ. குழு அறிக்கை சொல்லும் 7 கோட்பாடுகளில் 'பொறுப்பேற்றல்' ஒன்று. கடன் வாராமல் போனால் மெமோ வாங்கப்போவது ஏ.ஐ. இல்லை, கையெழுத்துப் போட்ட நாம்தான்.

அதனால் டீமில் ஒரு விதி வைத்தேன். வாரம் ஒரு ஃபைலை ஆளுக்கொருவர் ஏ.ஐ. உதவியில்லாமல் முழுக்கப் படித்துக் குறிப்பு எழுத வேண்டும். அப்புறம்தான் ஏ.ஐ. சுருக்கத்தோடு ஒப்பிடலாம்.

மூன்றாம் வாரம் அந்தப் பெண் ஃபைலோடு வந்தாள். "சார், ஏ.ஐ. சொல்ற வருமானம் இடிக்குது." ஒரே வருமானத்தை அது இரண்டு முறை கூட்டியிருந்தது.

மேனேஜர் சாருக்கு ஒரு போன் போடணும் :-)