டூலெட் போர்டுக்குப் பின்னால் ஒரு சரித்திரம்

சென்னையில் வாடகை வீடு தேடி அலைந்தவர்களிடம் கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். "பேச்சிலருக்குக் கிடையாது", "பத்து மாச அட்வான்ஸ்", "நான்வெஜ் சமைக்கக் கூடாது", "சொந்தக்காரங்க வந்தா ரெண்டு நாளைக்கு மேல தங்கக் கூடாது"... சினிமாவிலும் சரி, பத்திரிகைத் துணுக்குகளிலும் சரி, வீட்டு ஓனர் என்றாலே பாதி வில்லன், பாதி காமெடியன்.

ஆனால் அந்த ஓனர் யார்? பல தெருக்களில் அவர் ரிட்டயர்மென்ட் பணத்தில் மாடியில் ஒரு போர்ஷன் எடுத்துக் கட்டியவர். அல்லது கணவர் விட்டுப்போன பழைய வீட்டின் பின்கட்டை வாடகைக்கு விட்டு, மளிகைக் கடன் அடைக்கும் ஓர் அம்மா. ஒரே ஒரு வீடு, ஒரே ஒரு குடித்தனம். அப்படிப்பட்டவர் குடிவருபவரைப் பார்த்து ஏன் இவ்வளவு பயப்படுகிறார்? அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது இரண்டு உலகப்போர்களில் தொடங்குகிறது.

போரில் பிறந்த சட்டம்

முதல் உலகப்போரின்போது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்கு ஆயுதத் தொழிற்சாலை வேலைக்காக ஆட்கள் குவிந்தார்கள். வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். 1915-ல் மேரி பார்பர் போன்ற பெண்கள் முன்னின்று வாடகை கொடுக்க மறுக்கும் போராட்டத்தை நடத்தினார்கள். அந்த ஆண்டே பிரிட்டிஷ் அரசு வாடகையை உயர்த்தத் தடை போட்டுச் சட்டம் கொண்டுவந்தது. அதே யோசனை கப்பலேறி 1918-ல் பம்பாய்க்கு வந்தது.

சென்னைக்கு வந்தது இரண்டாம் உலகப்போரில். இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 1941-ல் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பீதியில் ஊரே மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறியது. தெருத் தெருவாக வீடுகள் பூட்டிக் கிடந்தன. பயம் தெளிந்ததும் போனவர்கள் திரும்பினார்கள். பர்மாவிலிருந்து அகதிகளாக வந்த தமிழர்களும் சேர்ந்துகொண்டார்கள். புதிதாக வீடு கட்டவோ சிமென்ட்டும் இரும்பும் கிடைப்பது குதிரைக்கொம்பு. இப்படி இருக்கும் ஊரில் வாடகையைச் சந்தையின் கையில் விட்டால் ஏழை எங்கே போவான்? கட்டுப்பாடு வந்ததில் நியாயம் இருந்தது. அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் போர் முடிந்தும் கட்டுப்பாடு முடியவில்லை! 1946-ல் ஒரு சட்டம், 1949-ல் இன்னொன்று, கடைசியாக 1960-ல் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம். போர்க்காலத்து மருந்து தினசரி சாப்பாடாகிவிட்டது. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் மட்டுமே ஏறத்தாழ அறுபது வருடம் ஆட்சி செய்தது.

சட்டம் சொன்னது என்ன?

வீடு காலியானால் 7 நாளுக்குள் ஓனர் அரசு அதிகாரிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அரசாங்கத்துக்கு அந்த வீடு தேவையென்றால் எடுத்துக்கொள்ளும். தேவையில்லை என்றால்தான் வேறு ஆளுக்கு விடலாம். அவரே குடிபோவதென்றாலும் இதே விதிதான்.

அடுத்தது "நியாய வாடகை". 1973-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, கட்டடத்தின் மதிப்பையும் மனையின் மதிப்பையும் கூட்டி, குடியிருப்பு என்றால் அதில் 9 சதவீதம், கடை கண்ணி என்றால் 12 சதவீதம் ஒரு வருட வாடகை. உதாரணமாக மொத்த மதிப்பு 2 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 18,000, மாதம் 1,500 ரூபாய். இது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தொகையை நிர்ணயிக்கவே மனு போட வேண்டும், இஞ்சினீயர் மதிப்பீடு வாங்க வேண்டும். ஒருமுறை நிர்ணயமானால், வீட்டில் புதிதாக எதையாவது கட்டினாலோ வரி ஏறினாலோ ஒழிய மறுபடி ஏற்றுவது கஷ்டம். அந்த 1,500-லிருந்து சொத்து வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர், இரண்டு குடித்தனங்களுக்கு நடுவே வீடு சும்மா கிடக்கும் மாதங்கள் எல்லாம் கழிய வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் வங்கி டெபாசிட்டே 10 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தது என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாவதுதான் சின்ன ஓனரை நிஜமாகவே ஆட்டிப்படைத்தது. காலி செய்யச் சொல்வதற்குக் குறிப்பிட்ட காரணங்கள் மட்டுமே செல்லும். வேண்டுமென்றே வாடகை பாக்கி வைப்பது, உள்வாடகைக்கு விடுவது, கட்டடத்தைச் சேதப்படுத்துவது, ஓனருக்கே வீடு தேவைப்படுவது, இடித்துக் கட்டுவது போன்றவை. காரணம் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, நிரூபிக்க வேண்டும். சென்னையில் முதலில் சிறு வழக்குகள் நீதிமன்றம், பிறகு மேல்முறையீடு, பிறகு ஹைகோர்ட், அதற்கும் மேலே டெல்லி. பத்து கட்டடம் வைத்திருப்பவருக்கு இது வக்கீல் ஃபீஸ் கணக்கு. ஒரே ஒரு போர்ஷன் வைத்திருப்பவருக்கோ இது ஆயுள் கணக்கு. மகனுக்குக் கல்யாணம், ஓர் அறை வேண்டும் என்று மனு போட்டவர், பேரன் பள்ளிக்கூடம் போகும்வரை கோர்ட் வாசலில் நிற்க நேரலாம்.

400 ரூபாய்க் கோடு

மாத வாடகை 400 ரூபாயைத் தாண்டும் குடியிருப்புகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு விலக்கு இருந்தது. வசதியானவர்களுக்குப் பாதுகாப்பு எதற்கு என்ற எண்ணம். 1986-ல் சுப்ரீம் கோர்ட் அந்த விலக்கை ரத்து செய்தது. விலைவாசியும் வாடகையும் எகிறிவிட்ட காலத்தில் 400 ரூபாய் வாடகை கொடுப்பவரைப் பணக்காரர் என்று எப்படிச் சொல்வது? கடைக்கு இல்லாத வரம்பு வீட்டுக்கு மட்டும் ஏன்? கேள்விகள் நியாயமானவை. ஆனால் அதன் பலன், கட்டி ஐந்து வருடம் ஆகாத புது வீடு போன்ற சில விலக்குகள் போக, மற்ற வாடகை வீடுகளெல்லாம் ஒரே நாளில் சட்டத்தின் கூரைக்கு அடியில் வந்தன.

ஓனர்கள் எழுதிய எழுதப்படாத சட்டம்

சட்டம் தன் பக்கம் இல்லை என்று நினைத்த ஓனர்கள் சும்மா இருக்கவில்லை. தாங்களே ஒரு சட்டம் செய்துகொண்டார்கள்.

முதல் பிரிவு, 11 மாத அக்ரிமென்ட். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். 11 மாதம் என்றால் அந்தச் செலவும் அலைச்சலும் இல்லை.

இரண்டாவது பிரிவு, பத்து மாத அட்வான்ஸ். இதில்தான் பெரிய வேடிக்கை. 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கவே கூடாது! ஊர் முழுவதும் பத்து மாதம் வாங்கிக்கொண்டிருந்தது. வாடகை பாக்கி வைத்தால் கையில் ஒரு பிடி இருக்கட்டும் என்பது ஓனரின் கணக்கு. ஆனால் 1996-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டது. சட்டத்துக்கு மேற்பட்ட அட்வான்ஸ் ஓனர் கையில் இருக்கும்போது, அதைப் பாக்கியில் கழித்துக்கொள்ளலாம், குடித்தனக்காரர் வேண்டுமென்றே பாக்கி வைத்தார் என்று சொல்ல முடியாது என்றது. ஓனர் தனக்குக் கேடயம் என்று வாங்கி வைத்த பணம் எதிராளியின் கேடயமாகிவிட்டது.

மூன்றாவது பிரிவுதான் அசிங்கமானது. "வெளியே அனுப்ப முடியாது என்றால் உள்ளே விடும்போதே சலித்து எடு." என்ன சாதி, என்ன மதம், என்ன சாப்பாடு, கல்யாணம் ஆயிற்றா என்ற கேள்விகள். இவற்றுக்கெல்லாம் வாடகைச் சட்டம்தான் காரணம் என்று சொன்னால் அது பொய். சாதிப் புத்தி சட்டத்துக்கு முன்பே இருந்தது. ஆனால் பயம் அதற்கு ஒரு நல்ல சாக்காக அமைந்தது.

நான்காவது பிரிவு, பூட்டு. யாருக்கும் விடாமல் பூட்டியே வைத்துவிடுவது. 2011 சென்சஸில் இந்திய நகரங்களில் சுமார் 1.11 கோடி வீடுகள் காலியாகக் கிடந்தன. 1961-ல் நகரத்து வீடுகளில் 54 சதவீதம் வாடகை வீடுகள், 2011-ல் அது 28 சதவீதம். வீட்டுக் கடன் சுலபமானது உட்பட வேறு காரணங்களும் உண்டு. இருந்தாலும் ஒரு பக்கம் வீடு இல்லாத ஜனங்கள், மறுபக்கம் ஆள் இல்லாத வீடுகள் என்ற இந்தக் காட்சியில் பயத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

பம்பாயின் கதை இன்னும் மோசம். 1947-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே பல வீடுகளின் வாடகையை 1940 செப்டம்பர் 1-ஆம் தேதி இருந்த தொகையிலேயே நிறுத்தி வைத்தது. வாடகைப் பணத்தில் ஒரு குழாயைக்கூட மாற்ற முடியாத ஓனர்கள் கட்டடங்களைக் கைவிட்டார்கள். ரிப்பேர் செய்யவே 1969-ல் தனிச் சட்டம் போட்டு ஒரு வாரியம் அமைக்க வேண்டியதாயிற்று. இப்படி உறைந்துபோன வாடகை நியாயமற்றதாகிவிட்டது என்று 1997-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. பழைய குடித்தனக்காரருக்குக் கொடுத்த பாதுகாப்பின் விலையை, புதிதாக வீடு தேடி வந்தவரும் இடிந்து விழும் கட்டடத்தில் இருந்தவரும் கொடுத்தார்கள்.

புதுச் சட்டமும் பழைய பழக்கமும்

தமிழ்நாட்டில் 2017-ல் நிறைவேறிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. நியாய வாடகை போயிற்று, இருவரும் ஒப்புக்கொண்டதே வாடகை. அக்ரிமென்ட் எழுத்தில் இருக்க வேண்டும், 11 மாதமோ 11 வருடமோ வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அட்வான்ஸுக்கு மூன்று மாத வாடகையை அளவாக வைத்தது. சுவருக்குப் பெயின்ட் யார் செலவு, குழாய் வாஷர் யார் செலவு என்றுகூடப் பட்டியல் போட்டது. குடித்தனக்காரரை விரட்டத் தண்ணீரையும் கரண்ட்டையும் நிறுத்தக் கூடாது என்ற பழைய காவலும் தொடர்கிறது.

அடுத்த வருடமே கொரோனா வந்தது. 2020 மார்ச் 29-ல் மத்திய உள்துறை, தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்று ஓனர்களுக்கு உத்தரவிட்டது. மனிதாபிமானம்தான், சந்தேகமில்லை. ஆனால் 1941-ல் நடந்ததே மறுபடியும் நடந்தது என்பதைக் கவனியுங்கள். நெருக்கடி வரும்போது ஏழைக்குக் கூரை கொடுக்கும் பொறுப்பை அரசாங்கம் தூக்கி ஓனர் தலையில் வைக்கிறது. ஓனர் என்ற சொல்லுக்குள் வரிசை வீடு கட்டி வாடகைக்கு விட்ட பெரிய மனிதரும் இருக்கிறார், அந்த வாடகையில் மாத்திரை வாங்கும் பாட்டியும் இருக்கிறார்.

அப்படியானால் லாபம் என்ன?

இந்திய நகரங்களில் இன்று ஒரு வீடு அதன் விலையில் வருடத்துக்கு 2 முதல் 4 சதவீதம்தான் வாடகையாகத் தருகிறது என்பது பொதுவான கணக்கு. வட்டிக் கணக்கு பார்த்தால் நஷ்டம். ஆனாலும் விடுகிறார்கள். மனையின் விலை ஏறுகிறது. வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தைக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடம் கொடுக்கிறது. பென்ஷன் இல்லாத வீட்டில் மாதம் பிறந்தால் ஒரு தொகை கைக்கு வருகிறது. கணக்குப் புத்தகத்தில் ஏறாத லாபமும் ஒன்று உண்டு. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, நடுராத்திரி நெஞ்சு வலித்தால் ஆட்டோ கூப்பிடுவது மாடி போர்ஷன்காரர்தான். அமாவாசைக்கு வடை பாயசம் மேலே போகும், ரம்ஜானுக்கு பிரியாணி கீழே வரும் வீடுகளும் இதே ஊரில்தான் இருக்கின்றன.

இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் பாதுகாப்பு கொடுத்தால் மற்றவருடைய பயம், கடைசியில் அந்த முதலாமவரையே தெருவில் நிறுத்துகிறது. அறுபது வருட அனுபவம் சொல்லும் பாடம் இதுதான். வாடகை பாக்கி வழக்கு மூன்றே மாதத்தில் முடியும் என்ற நம்பிக்கை ஓனருக்கு இருந்தால் பத்து மாத அட்வான்ஸ் எதற்கு? அட்வான்ஸ் ஒழுங்காகத் திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கை குடித்தனக்காரருக்கு இருந்தால் கடைசி மாதங்களின் வாடகையை அவர் ஏன் நிறுத்தி வைக்கப்போகிறார்?

அடுத்த முறை ஒரு டூலெட் போர்டைப் பார்த்து போன் செய்யும்போது, அந்தப் பக்கம் கேட்கும் குரலில் உள்ள கடுமை முழுவதும் திமிர்தானா, இல்லை கொஞ்சம் பழைய பயமும் கலந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்!