செந்தேள் நஞ்சும் இதய அதிர்ச்சியும்: ஒரு சிகிச்சையின் வரலாறு

மருத்துவத்தில் 'அதிர்ச்சி' என்ற சொல் பயத்தையோ திடுக்கிடலையோ குறிப்பதில்லை. உடலின் உறுப்புகளுக்குத் தேவையான அளவு இரத்தம் போய்ச் சேராத நிலையே அதிர்ச்சி எனப்படுகிறது. நாடி மெலிந்து வேகமாகத் துடிக்கும், கைகால் சில்லிடும், சிறுநீர் குறையும், நினைவு மங்கும். உடனே கவனிக்காவிட்டால் உயிர் போகும். இந்த நிலையை உண்டாக்கும் உயிரினங்களில் ஒன்று நம் ஊர்ப்புறங்களில் காணப்படும் செந்தேள். அதன் நஞ்சு இதயத்தை எவ்வாறு தாக்குகிறது, அதற்கான மருந்து எங்கே, எப்படி நிலைபெற்றது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரில் இருக்கும் தமிழ்

செந்தேளின் அறிவியல் பெயர் ஹாட்டென்டோட்டா டாமுலஸ். முன்பு இது மீசோபூத்தஸ் டாமுலஸ் என வழங்கப்பட்டது. 'டாமுலஸ்' என்பது 'தமிழ்' என்னும் சொல்லின் லத்தீன் வடிவம். இப்பெயரை 1798-இல் வைத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியலாளர் யோஹான் கிறிஸ்டியன் ஃபாப்ரிசியஸ். இவர் லின்னேயஸின் மாணவர்.

அக்காலத்தில் டென்மார்க்குக்கும் சோழ மண்டலக் கடற்கரைக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தது. வேளாங்கண்ணி, நாகப்பட்டினம் ஆகிய ஊர்களுக்கு வடக்கே அதே கரையில் உள்ள தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்தது. அங்கிருந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் போன்ற மறைப்பணியாளர்கள் இப்பகுதியின் மீன்களையும் பிற உயிரினங்களையும் சேகரித்து ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பி வந்தனர். இவ்வாறு செந்தேளுக்கு 18-ஆம் நூற்றாண்டிலேயே பெயர் கிடைத்துவிட்டது. அதன் நஞ்சுக்கு ஏற்ற சிகிச்சை கிடைக்க மேலும் ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆயின.

அதிர்ச்சிகள் எல்லாம் ஒன்றல்ல

சிகிச்சை தாமதமானதற்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு. வெளியில் பார்க்க ஒன்றுபோலத் தோன்றும் அதிர்ச்சிக்கு உள்ளே வெவ்வேறு காரணங்கள் இருக்கும்.

காவிரிப் படுகை நன்கு அறிந்த காலராவை எடுத்துக்கொள்வோம். அதில் உடலின் நீரும் உப்பும் வெளியேறிவிடுவதால் குழாய்களில் ஓட இரத்தம் போதாமல் போகிறது. இதயம் நலமாகவே இருக்கிறது. இறைக்க நீர்தான் இல்லை. 1832-இல் ஸ்காட்லாந்து மருத்துவர் தாமஸ் லாட்டா காலரா நோயாளிகளின் சிரைக்குள் உப்பு நீரைச் செலுத்தி, இறக்கும் தறுவாயில் இருந்த சிலரைப் பிழைக்க வைத்தார். 1930-இல் அமெரிக்காவில் ஆல்பிரட் பிளாலாக், காயம்பட்ட உடலில் அதிர்ச்சி உண்டாவதற்கு இரத்தமும் நீரும் இழக்கப்படுவதே காரணம் என்று சோதனைகளால் காட்டினார். 'அதிர்ச்சி என்றால் நீர் ஏற்று' என்னும் பாடம் இவற்றால் உறுதிப்பட்டது.

செந்தேள் கொட்டியவருக்கு இப்பாடம் அப்படியே பொருந்தாது. இவருக்குப் பழுதுபடுவது இதயம். அளவின்றி நீர் ஏற்றினால் அது நுரையீரலில் தேங்கி மூச்சை அடைத்துவிடும்.

நஞ்சு செய்யும் வேலை

நரம்புகளில் சோடியம் நுழையும் நுண்ணிய வாயில்கள் உள்ளன. செந்தேள் நஞ்சு அவற்றை உரிய நேரத்தில் மூடவிடாமல் தடுக்கிறது. இதனால் நரம்புகள் ஓயாமல் தூண்டப்படுகின்றன. முதலில் வாந்தி, உடல் நனையும் அளவு வியர்வை, எச்சில் ஒழுகுதல், ஆண்களுக்கு ஆண்குறி விறைத்து நிற்றல் ஆகியவை தோன்றும். அடுத்து அட்ரினலின், நார்அட்ரினலின் ஆகியவை இரத்தத்தில் பெருக்கெடுக்கும். இரத்தக் குழாய்கள் இறுகிச் சுருங்கும், இரத்த அழுத்தம் ஏறும், கைகால் சில்லிடும்.

மடை அடைபட்டிருக்கும்போது பம்பு செட்டை முழு வேகத்தில் ஓட்டினால் மோட்டார் திணறும். இதயத்தின் நிலையும் அதுவே. சுருங்கிய குழாய்களை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இடது கீழறை களைத்துவிடுகிறது. தள்ள முடியாத இரத்தம் நுரையீரலில் தேங்கி, நீர் கசிந்து, இருமலும் இளஞ்சிவப்பு நுரையும் வருகின்றன. கடைசியில் இரத்த அழுத்தம் சரிந்து இதய அதிர்ச்சி ஏற்படுகிறது. இஸ்ரேல் மருத்துவர் மோஷே குவெரோனும் அவருடைய குழுவினரும் தம் நாட்டுத் தேள்கள் கொட்டியவர்களை ஆராய்ந்து, இதயத்துக்கு ஏற்படும் பாதிப்புகளை 1970-இல் விரிவாக எழுதினர். இவ்வாறு களைத்த இதயம், ஆள் பிழைத்துவிட்டால் பெரும்பாலும் சில நாட்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆகவே முதல் சில மணி நேரத்தைக் கடத்திவிடுவதே முக்கியம்.

பிர்வாடியில் கிடைத்த விடை

இந்தியாவில் விடை தேடிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். இவர் 1976-இல் மகாராஷ்டிரத்தின் கொங்கண் பகுதியில், மகாட் நகருக்கு அருகிலுள்ள பிர்வாடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியில் சேர்ந்தார். செந்தேள் கொட்டி நுரையீரலில் நீர் கோத்து நோயாளிகள் இறப்பதைக் கண்டார். பெரிய கருவிகள் இல்லாத இடத்தில் அவர் நோயாளியின் பக்கத்திலேயே இருந்து நாடி, இரத்த அழுத்தம், வியர்வை, மூச்சு ஆகியவற்றை மணிக்கணக்கில் குறித்து வந்தார். அவ்வாறு கண்ட முன்னறிகுறிகளைப் பற்றிய அவருடைய கட்டுரை 1982-இல் 'லான்செட்' இதழில் வெளியானது.

சுருங்கிய குழாய்களைத் தளர்த்தினால் இதயத்தின் சுமை இறங்கும் என்பது அவருடைய கணிப்பு. முதலில் சோடியம் நைட்ரோபுருசைடு மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் சிரையில் செலுத்தினார். அது பலன் தந்தது. ஆனால் அதற்கு இடைவிடாத கண்காணிப்பு வேண்டும். சிற்றூருக்கு ஒத்து வராது. அதே வேலையைச் செய்யும் மாத்திரை ஒன்று ஏற்கெனவே இருந்தது. இரத்தக் கொதிப்புக்குத் தரப்பட்ட பிரசோசின்தான் அது. இம்மருந்தின் பயனைப் பற்றி அவரும் அவருடைய மனைவி மருத்துவர் பிரமோதினி பவாஸ்கரும் 1986-இல் 'லான்செட்' இதழில் எழுதினர். முன்பு கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் 30 விழுக்காடு வரை இறந்தனர் என்றும், பிரசோசின் வந்த பின் அது 1 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது என்றும் பவாஸ்கர் பதிவு செய்துள்ளார். 2022-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தது.

தமிழ் மண்ணுக்கு அருகில்

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் குழந்தை மருத்துவர்களும் இத்துறையில் நெடுங்காலமாக ஆய்வு செய்துள்ளனர். பிரசோசினுக்கு முன்பே, 1981-இல், நரம்புக் கொந்தளிப்பை அடக்கும் கூட்டு மருந்தைப் பற்றி அவர்கள் எழுதினர்.

பின்னர் நஞ்சையே முறிக்கும் தேள் நஞ்சுமுறி மருந்தின் பயனும் சோதிக்கப்பட்டது. 2011-இல் வெளியான பவாஸ்கர் இணையரின் ஆய்வில் 70 நோயாளிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். நஞ்சுமுறியும் பிரசோசினும் சேர்த்துப் பெற்ற 35 பேரில் 32 பேர் 10 மணி நேரத்தில் முழுமையாகத் தேறினர். பிரசோசின் மட்டும் பெற்ற 35 பேரில் அந்நேரத்துக்குள் தேறியவர்கள் 8 பேர். ஜிப்மரில் குழந்தைகளிடம் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வும், இரண்டையும் சேர்த்துத் தருவதே விரைவில் குணம் தருகிறது என்று காட்டியது.

வலி தணிந்தால் நஞ்சு இறங்கியதா?

ஊர்ப்புறத்தில் எல்லோரும் அஞ்சுவது பெரிய கருந்தேளான நட்டுவாக்காலிக்கு. ஆனால் உயிருக்கு உலை வைப்பது உருவில் சிறிய செந்தேள். தேள் கொட்டினால் மந்திரிப்பதும், பச்சிலை கட்டுவதும், 'வலி குறைந்துவிட்டது, விஷம் இறங்கிவிட்டது' என்று படுத்துவிடுவதும் நம்மிடையே உள்ள பழக்கம். மருத்துவ அனுபவம் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. கொட்டிய இடத்தில் கடும் வலி மட்டும் இருந்து வேறு அறிகுறி இல்லாதவர்கள் பெரும்பாலும் தேறிவிடுகிறார்கள். வலி பெரிதாக இல்லாமல் வியர்த்துக் கொட்டி, வாந்தி எடுத்து, கைகால் சில்லிடுபவருக்குத்தான் ஆபத்து. கொட்டியதற்கும் மருந்து உள்ளே போவதற்கும் இடைப்பட்ட நேரமே முடிவைத் தீர்மானிக்கிறது.

வேளாங்கண்ணியிலிருந்து சுமார் 12 கி.மீ. தொலைவிலுள்ள நாகப்பட்டினத்துக்கு 2022 ஜனவரியில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. எனினும் வைக்கோல் போரிலோ விறகுக் குவியலிலோ கொட்டு வாங்கியவர் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமே. பிரசோசின் விலை குறைந்த மாத்திரை. மருத்துவரின் கண்காணிப்பில், நோயாளியைப் படுக்க வைத்துத் தர வேண்டியது. அதன் பயன் நிறுவப்பட்டதும் சிற்றூர் நோயாளிகளிடம்தான். குழந்தைக்குத் தேள் கொட்டிவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவே தூக்கிக்கொண்டு போவதே இந்த வரலாறு கற்பிக்கும் பாடம்.