ஆறாமீன் எழும் நேரம்

என் தாத்தா கீதாரி. முந்நூறு ஆட்டுக் கிடைக்குப் பெரியவர். கடிகாரம் கட்டியதில்லை. கூரைக்குக் கீழே படுத்த இரவுகள் வருசத்துக்கு ஐம்பது தேறாது.

திருச்சுழியை வெளியூர்க்காரர்கள் ரமணர் பிறந்த ஊர் என்பார்கள். சுந்தரர் பாடிய திருமேனிநாதர் தலம் என்பார்கள். எங்களுக்கு அது கிடை புறப்படும் ஊர். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய சீமை இது. மாசி பிறந்தால் குண்டாற்றில் மணல்தான். இங்கே புல் காயும் நேரத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் சம்பா அறுப்பு முடிந்து வயல் தரிசாகக் கிடக்கும். மானாமதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை வழியாகக் கீதாரிகள் நடந்தே போவார்கள். ஆட்டுக்கு அங்கே தீனி, வயலுக்கு எரு, கீதாரிக்குக் கூலியாக நெல். 'ஆட்டு எரு அந்த வருசம், மாட்டு எரு மறு வருசம்' என்பது சம்சாரிகளின் கணக்கு.

வானம் பார்த்த பூமி என்று மழைக்காகச் சொல்வார்கள். கீதாரிகள் இராத்திரியிலும் வானம் பார்த்தவர்கள். வயல் முழுக்க எரு விழவேண்டும் என்று நடுச்சாமத்தில் ஆட்டை எழுப்பிப் பக்கத்தில் மாற்றிப் படுக்கவைப்பார் தாத்தா. அந்தச் சாமத்தைச் சொன்னவை வெள்ளிகள். குட்டிகளைக் குடாப்புக் கூடையிலிருந்து திறந்து பால் குடிக்க விடும் நேரத்தைச் சொன்னது விடிவெள்ளி.

ஊர் திரும்பும் நாளைச் சொன்னது ஆறாமீன். புத்தகத்தில் கார்த்திகை நட்சத்திரம் என்று போட்டிருக்கும். சித்திரைக் கடைசியில் அது மேற்கே வெயிலோடு மறைந்துவிடும். ஆனி பிறக்கும்போது விடியுமுன் கிழக்கே எழும். 1934இல் மேட்டூர் அணை வந்தபின், குறுவைக்குத் தண்ணீர் திறக்க ஜூன் 12 என்று நாள் வழக்கமானது. அதுவும் ஆனிக்குச் சற்று முன்னால்தான். தண்ணீர் வருமுன் வயலைவிட்டு வந்துவிட வேண்டும். "ஆறாமீனு எந்திரிக்கையில நம்ம மண்ணுல இருக்கணும்ப்பா" என்பார்.

பிறகு வயலுக்கு உர மூட்டை வந்தது. கண்மாயையும் மேய்ச்சல் தரையையும் சீமைக்கருவேல் மூடியது. அதன் நெற்றை ஆடு தின்னும். ஆனால் புதராக அடைத்துக்கொண்ட இடத்தில் புல்லும் இல்லை, மந்தை நுழைய வழியும் இல்லை. 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னது. வெட்டிய இடங்களில் மறுபடி துளிர்த்து நிற்கிறது. கீதாரிகளின் பிள்ளைகள் நூல் மில்லுக்கும் திருப்பூருக்கும் போனோம்.

போன ஆனியில், ஊர் திரும்பிய மச்சான் கிடையில் ஒரு ராத்திரி படுத்தேன். வெம்பூர் ஆடுகள், வெள்ளை உடம்பில் செம்பொட்டு. ஆனிக் காற்று வீசி மேகத்தை ஒதுக்கியிருந்தது. விடியுமுன் மச்சான் என்னைத் தட்டி எழுப்பிக் கிழக்கே கை நீட்டினார். கைப்பிடி அரிசி சிந்தியதுபோல ஆறாமீன். முப்பது வருசம் தெருவிளக்குக்குக் கீழே இதை மறந்திருக்கிறேன்.

அந்த வானம் அப்படியே இருக்கிறது. அதன் கீழே கிடை போட இடம்தான் குறைகிறது. உங்கள் ஊரில் மேய்ச்சல் புறம்போக்கு மிச்சமிருந்தால், அதை விட்டுவிடாதீர்கள்.