யூனிக்ஸ்: பெரிய எழுத்து வந்த வழி

கணினிப் பாடநூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். ஆங்கிலப் பிரதிகளில் நான் ஓயாமல் திருத்துவது யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் பெயர். ஒரே பக்கத்தில் மேலே நான்கு எழுத்தும் பெரிய எழுத்தாக இருக்கும். கீழே முதலெழுத்து மட்டும் பெரியதாக இருக்கும். "எப்படிப் போட்டால் என்ன சார்?" என்று கேட்கும் நூலாசிரியர்களிடம் இந்த வரலாற்றைத்தான் சொல்கிறேன்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில் இருந்தது பெல் ஆய்வுக்கூடம். எம்.ஐ.டி.யோடும் ஜெனரல் எலெக்ட்ரிக்கோடும் கூட்டாகச் செய்துவந்த மல்டிக்ஸ் என்ற இயங்குதளத் திட்டத்திலிருந்து 1969இல் அது விலகிக்கொண்டது. அந்தத் திட்டத்தில் வேலை பார்த்த கென் தாம்ப்சன், பிடிபி-7 என்ற சிறிய கணினியில் தன் விருப்பப்படி ஓர் இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார். சக ஆய்வாளர் டென்னிஸ் ரிச்சியும் சேர்ந்துகொண்டார். பெயர் 1970இல்தான் வந்தது. 'பல' என்னும் பொருளுள்ள 'மல்டி'யைத் தள்ளிவிட்டு, 'ஒன்று' என்னும் பொருளுள்ள 'யூனி'யைப் பொருத்திக் கேலியாகச் சொன்னவர் அதே ஆய்வுக்கூடத்தின் பிரையன் கெர்னிகன். மல்டிக்ஸ் ஒரு நீண்ட தொடரின் சுருக்கம். அதைப் பார்த்து யூனிக்ஸுக்கும் விரிவு சொல்பவர்கள் உண்டு. ஆனால் இது சுருக்கப்பெயர் அல்ல என்பதே ரிச்சியின் நிலை. சுருக்கப்பெயர் இல்லையென்றால் நான்கு பெரிய எழுத்துக்கு இலக்கணமும் இல்லை.

பிறகு எப்படி வந்தன? அச்சு வழியாக வந்தன. யூனிக்ஸை முதலில் அன்றாட வேலைக்குப் பயன்படுத்தியது அதே ஆய்வுக்கூடத்தின் காப்புரிமைப் பிரிவு. 1971இல் அங்கே தட்டச்சர்கள் விண்ணப்பங்களை அதில்தான் அடித்தார்கள். அடுத்து ஒளியச்சு இயந்திரம் ஒன்று வந்தது. படச்சுருளிலுள்ள எழுத்தின் ஊடே ஒளியைப் பாய்ச்சி, வேண்டிய அளவில் தாளில் பதிக்கும் இயந்திரம். அதை இயக்க, அங்கே வேலை பார்த்த ஜோ ஒசன்னா 'டிராஃப்' என்ற நிரலை எழுதினார். அதுவரை டெலிடைப் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கைக்குப் புத்தக எழுத்து கிடைத்துவிட்டது! பெரிய எழுத்தின் வடிவமும் சின்ன எழுத்தின் உயரமும் கொண்ட எழுத்துகளை அச்சிட முடிந்த போதையில்தான் பெயரை அப்படிப் போட்டோம் என்று ரிச்சி பிற்காலத்தில் சொன்னார். 1974 ஜூலையில் தாம்ப்சனும் அவரும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பிலேயே அந்தப் பெயர் அப்படி ஏறியது. புது எழுத்துரு வந்த நாளில் அச்சகத்தில் பிறக்கும் உற்சாகம் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த மகிழ்ச்சியை நான் குறை சொல்லமாட்டேன்.

பெரிய எழுத்து வழக்கத்தைக் கெட்டிப்படுத்தியது வணிகமுத்திரை. கட்டுரைகளில் பெயர் முதன்முறை வரும்போது 'இது பெல் ஆய்வுக்கூடத்தின் வணிகமுத்திரை' என்ற அடிக்குறிப்பு கட்டாயமாயிற்று. பெயரைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு அந்த அடிக்குறிப்பையும் தானே சேர்க்கும் குறுங்கட்டளைகூட அவர்களுடைய அச்சு நிரலில் இருந்தது. முதலெழுத்தை மட்டும் பெரியதாக்க ரிச்சி சில கட்டுரைகளில் முயன்று பார்த்தார், முடியவில்லை, விட்டுவிட்டார். படைத்தவருக்கே தன் படைப்பின் பெயரை எழுதும் உரிமை கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. தன் சொந்த இணையப்பக்கத்தில் அவர் முதலெழுத்தை மட்டுமே பெரியதாக வைத்தார்.

யூனிக்ஸின் இயல்பும் சின்ன எழுத்துதான். அதன் கட்டளைகள் பெரும்பாலும் அப்படியே இருப்பவை. அந்தக் காலத்தில் பயனர் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்தால், சின்ன எழுத்தே இல்லாத பழைய முனையம் போலும் என்று கருதி, அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும்.

1993இல் நாவெல் நிறுவனம் யூனிக்ஸை வாங்கியது. வணிகமுத்திரை எக்ஸ்/ஓப்பன் அமைப்புக்குப் போய், 1996 முதல் தி ஓப்பன் குரூப்பிடம் இருக்கிறது. அவர்கள் கேட்பது நான்கு பெரிய எழுத்து. தேர்ச்சி பெற்று அவர்களிடம் சான்றிதழ் வாங்கிய பொருளைப் பற்றி எழுதினால் அப்படியே போடுங்கள். மர்ரே ஹில்லில் பிறந்த இயங்குதளத்தையும் அதன் வழிவந்த குடும்பத்தையும் பற்றி எழுதும்போது முதலெழுத்தை மட்டும் பெரியதாக்குங்கள். எதைத் தேர்ந்தாலும், ஒரு நூலுக்குள் இரண்டையும் கலக்காதீர்கள்.