ஸல்ஸலின் மெட்டு

நரம்பிசைக் கருவியின் கழுத்தில் குறுக்காக நிற்கும் சிறு தடுப்பினை வீணைக்காரர் மெட்டு என்பர். அதனை எப்பொருளால் அமைப்பது என்பது கருவி செய்பவரின் கவலை மட்டுமன்று. எந்தச் சுரத்துக்கு இடமுண்டு, எதற்கில்லை என்பதையும் அதுவே தீர்மானித்து வந்திருக்கிறது.

9ஆம் நூற்றாண்டில் அல்-கிந்தியும் 10ஆம் நூற்றாண்டில் அல்-பாராபியும் ஊத் என்னும் கருவியின் மெட்டுகளை விரல்களின் பெயரால் விளக்கினர். அவை கழுத்தைச் சுற்றிக் கட்டிய குடல் நரம்புகள். தேவைப்பட்டால் நகர்த்தலாம், தேய்ந்தால் அவிழ்த்து வேறு கட்டலாம். 8ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த மன்ஸூர் ஸல்ஸலின் பெயரால் நடுவிரலுக்குரிய ஒரு மெட்டு வழங்கியது. அல்-பாராபி அதற்குத் தரும் விகிதம் 27:22. அதாவது, 54 சென்ரிமீற்றர் தந்தியில் தலைப்பக்கத்திலிருந்து 10 சென்ரிமீற்றர். அதே நீளத் தந்தியுள்ள கிற்றாரில் மூன்றாம் மெட்டு ஏறத்தாழ 8.6இலும் நான்காம் மெட்டு 11.1இலும் நிற்கின்றன. ஸல்ஸலின் சுரத்துக்கு அங்கே இடமில்லை.

ஆதியில் நிலைமை இவ்வாறிருக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் கிற்றாரிலும் குடல் நரம்பே கட்டப்பட்டது. பின்னர் தந்தமும் பித்தளையும் கழுத்தில் நிலையாகப் பதிக்கப்பட்டன. இன்று பெரும்பாலும் பதிக்கப்படுவது செம்பு, நாகம், நிக்கல் கலந்த உலோகம். 'ஜெர்மன் சில்வர்' என்று பெயர் இருந்தாலும் அதில் வெள்ளி கிடையாது. உருக்குத் தந்தி நாளடைவில் அதனைத் தேய்த்துப் பள்ளமாக்கும். துருவேறா உருக்கு நெடுங்காலம் உழைக்கும், ஆனால் அரத்துக்கு எளிதில் இணங்காது. உறுதி வந்தது, நெகிழ்வு போனது.

தஞ்சாவூர் வீணை இதற்கு நடுவழி கண்டது. அதன் 24 மெட்டுகளும் வெண்கலம், அவை அமர்வதோ மெழுகில். மெழுகை இளக்கி மெட்டுகளை மீண்டும் சுருதிக்கு அமைக்கலாம்.

மட்டக்களப்பில் கிற்றார் புதிய விருந்தாளியன்று. பறங்கியரின் கப்ரிஞ்ஞா இசையில் வயலினோடு அதுவும் ஒலித்தது. பாடசாலைக் கிற்றாருக்கு எந்த மெட்டு என்று என்னைக் கேட்டால், உள்ளூரில் அராவித் திருத்தக்கூடிய நிக்கல் கலவையையே சொல்வேன். உப்புக்காற்றில் அது மங்கும், துடைத்தால் தெளியும். ஆனால் அதன் பன்னிரு படிகளே இசையின் முழு அளவு என்று மாணவர் நம்பிவிடலாகாது.

துருக்கியின் சாஸ் கருவியில் இன்றும் நைலோன் இழையையே மெட்டாகக் கட்டுகிறார்கள். ஓட்டமாவடியில் அதற்குப் பெயர் தங்கூசி, வாவியில் தூண்டில் போடுவோர் கையில் உள்ளதுதான். உலோக மெட்டின் உயரத்துக்குத் தடித்த துண்டொன்றை மூன்றாம், நான்காம் மெட்டுகளுக்கு நடுவே இறுகக் கட்டினால், ஸல்ஸலின் சுரம் நம் பிள்ளைகளின் காதுக்கும் எட்டும்.